“ஒண்ணும் விசேஷமில்லப்பா, போனோம் வந்தோம்”: கடல்மேல் ஹெலிகாப்டரில் போய் வந்தவர்களிடம் நினைவுகளைக் கேட்டு எழுதுவது எப்படி

அரபிக்கடலுக்குள் இருக்கும் பாம்பே ஹை எண்ணெய் வயலுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர்களுக்கு மும்பையின் ஜூஹு ஏரோட்ரோமில் 1989 முதல் 2011 வரை மெக்கானிக் வேலை பார்த்தவன் நான். சொந்த ஊர் கோவில்பட்டி. இப்போது அம்பத்தூரில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு ஒரு வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கூட வேலை பார்த்தவர்களின் வீடு தேடிப் போய், அவர்கள் பேசுவதை ஃபோனில் பதிவு செய்து, பிறகு நோட்டில் எழுதுவது. இதுவரை 19 பேர் ஆகியிருக்கிறது. அதில் பைலட்டுகள் 7 பேர்தான்.

இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் கேப்டன் ஒருவர், திருநெல்வேலிக்காரர், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். சிரித்துவிட்டு, “தம்பிக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். அவர் பறந்த மிஷினை, அதாவது ஹெலிகாப்டரை, பறக்கலாம் என்று 14 வருஷம் கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான். அன்று ராத்திரியே கடைக்குப் போய் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

உங்கள் அப்பாவோ மாமாவோ தாத்தாவோ இந்த வேலையில் இருந்திருந்தால், அல்லது நீங்களே இருந்திருந்தால், நான் தப்புத்தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது உங்களுக்கு உதவும்.

போவதற்கு முன்னால்

கொஞ்சம் வீட்டுப்பாடம் வேண்டும். வயசானவர்களுக்குச் சம்பவம் நினைவிருக்கும், வருஷம் நழுவும். வருஷத்தைப் பிடித்துக் கட்ட நமக்குச் சில முளைக்குச்சிகள் தேவை. என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன். சாகர் சாம்ராட் என்ற ரிக், அதாவது கடலில் எண்ணெய்க்குத் துளையிடும் மேடை, பாம்பே ஹையில் எண்ணெய் கண்டது 1974 பிப்ரவரியில். உற்பத்தி தொடங்கியது 1976-இல். வயல் இருப்பது மும்பைக் கரையிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தள்ளி, டாஃபின் ஹெலிகாப்டரில் முக்கால் மணி நேரம். அரசு ஹெலிகாப்டர் கம்பெனியான பவன் ஹன்ஸ் தொடங்கியது 1985 அக்டோபரில். பிரிட்டன் உதவிப் பணத்தில் 21 வெஸ்ட்லாண்ட் 30 ஹெலிகாப்டர்கள் வந்தன, 1991-இல் அவற்றின் பறப்பு நின்றது. 1995-இல் பம்பாய் மும்பை ஆனது. எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் அது பாம்பே ஹைதான்.

யாராவது 1993-இல் வெஸ்ட்லாண்டில் போன கதையைச் சொன்னால் குறுக்கே பேசாதீர்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கதை சரியாக இருக்கும், வருஷம்தான் பிசகியிருக்கும்.

இடப் பெயர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீலம், ஹீரா, பன்னா, முக்தா, ரத்னா என்று எண்ணெய் வயல்களுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். முதல்முறை கேட்கிறவனுக்கு நகைக்கடையில் நிற்கிற மாதிரி இருக்கும். ரிக்குகள் பலவற்றின் பெயர் சாகரில் ஆரம்பிக்கும்: சாகர் கிரண், சாகர் ஜோதி, சாகர் விஜய். இது தெரியாத என் மகன் ஒரு பதிவைக் கேட்டு எழுதித் தந்தான். அதில் “ஹீரா வீட்டுக்குப் போனோம்” என்று இருந்தது. ஹீராவில் டீ குடித்ததைத்தான் அவர் சொல்லியிருந்தார்.

கதை கேட்டால் கதை வராது

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு வீடு ஆனது. “சார், மறக்க முடியாத அனுபவம் எதாவது?” என்று கேட்பேன். அவர் உடனே உத்தரத்தைப் பார்ப்பார். “ஒண்ணும் விசேஷமில்லப்பா. போனோம், வந்தோம்” என்பார். முடிந்தது. பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

தினம் செய்த வேலை யாருக்கும் கதையாகத் தெரியாது. ஒரே ரிக்கில் ஆயிரம் தடவை இறக்கியவருக்கு ஆயிரமும் ஒன்றாகிவிடும். அதனால் கையைக் கேட்க வேண்டும்.

கோயமுத்தூரில் ஒரு கேப்டன், வயசு 78. முதல் அரை மணி நேரம் பேரனின் படிப்பைப் பற்றித்தான் பேசினார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “சார், டெக் ஓரத்தைத் தாண்டும்போது இடது கை என்ன பண்ணும்?” என்று கேட்டு வைத்தேன். டெக் என்றால் ரிக்கில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். பேச்சு நின்றது. நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கைத்தடியை எடுத்தார். இடது தொடை ஓரமாகச் சாய்வாகப் பிடித்துக்கொண்டார். ஹெலிகாப்டரில் கலெக்டிவ் லீவர் இருப்பது அந்த இடத்தில்தான். தூக்கினால் மிஷின் ஏறும், அழுத்தினால் இறங்கும். வலது கை தானாக இரண்டு முழங்காலுக்கும் நடுவே போய், இல்லாத ஸ்டிக்கைப் பிடித்தது.

“வர்ற வழியெல்லாம் கீழே தண்ணிதான். தரைன்னு ஒண்ணு கிடையாது. டெக் விளிம்பைத் தாண்டினதும் நம்ம ரோட்டர் காத்து டெக்கில மோதித் திரும்பும். மிஷின் மெத்தைமேல உட்கார்ந்த மாதிரி லேசா மிதக்கும். அந்த நேரத்தில இத்தனூண்டு இறக்கணும்” என்றார். கைத்தடி அரை அங்குலம் கீழே போனது. “அதிகமா இறக்கினா ‘டொம்’முனு விழும், பின்னாடி இருக்கிறவன் பல்லு ஆடும். இறக்காம யோசிச்சா காத்து நம்மளைத் தள்ளிட்டுப் போயிடும்.”

பிறகு நிறுத்தவே இல்லை. ரிக்கின் டர்பைன் புகை எந்தப் பக்கம் அடிக்கும், அந்தச் சூட்டுக்குள் நுழைந்தால் மிஷின் எப்படித் தொய்யும், கிரேன் கையை இறக்காமல் விட்ட ஆபரேட்டரை ரேடியோவில் என்ன திட்டினார், எல்லாம் வந்தது. துளையிடும் கப்பலில் இறக்கும்போது டெக்கே ஏறி இறங்கும். மூன்று அலை பெரிசாக வந்தால் அடுத்து கொஞ்சம் ஓயும் என்று எண்ணிக்கொண்டு காத்திருப்பாராம். ரயிலை விட்டுவிட்டேன். அவர் மனைவி சமையலறைக் கதவில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அம்பது வருஷத்தில என்கிட்ட இதைச் சொன்னதே இல்ல” என்றார்.

ஆகவே சின்னதாக, கையால் தொட்ட சங்கதியைக் கேளுங்கள். மழையில் எந்தப் பக்கத்து வைப்பர் மக்கர் பண்ணும்? லைஃப் ஜாக்கெட் எங்கே உறுத்தும்? ரிக்கில் ரோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீ கொண்டு வந்து தருவது யார், எதில் தருவார்? “திரும்பிடலாம்” என்ற சொல் முதலில் கேப்டன் வாயிலிருந்து வருமா, கோ-பைலட் வாயிலிருந்தா? ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் பஞ்சு மாதிரி மேகத்துக்குள் ரிக்கை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில்: “ரிக்கில இருந்து வர்ற ரேடியோ பீக்கனைப் பார்த்து ஊசி திரும்பும். இடிமேகம் பக்கத்தில இருந்தா அந்த ஊசி மின்னல் பக்கம் திரும்பிக்கும். அதை நம்பினா நேரா இடிக்குள்ள போவோம். அதனால ஊசியையும் பார்க்கணும், ரேடாரையும் பார்க்கணும், கடிகாரத்தையும் பார்க்கணும்.” இதை “மறக்க முடியாத அனுபவம்” என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா?

நீங்களே உங்கள் நினைவை எழுதுகிறீர்கள் என்றாலும் இதே வழிதான். நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி: “கடைசி சார்ட்டி (ஒரு தடவை பறந்து போய் வருவது) முடிந்து மிஷின் வந்ததும் முதலில் எதைத் தொடுவாய்?” கண்ணாடியை. விரலை வைத்து இழுத்தால் ஒரு கோடு விழும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்பு இன்ஜின் கம்ப்ரெஸர் இலைகளிலும் படிந்திருக்கும். விட்டால் அரிக்கும், இழுவை குறையும். அதனால் இன்ஜின் ஆறினதும் தாது நீக்கிய தண்ணீரைக் குழாயால் உள்ளே பீய்ச்சுவோம். தீ பிடிக்காதபடி இக்னிஷனை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற வைப்போம். பின்னால் எக்ஸாஸ்ட்டில் தூறல் மாதிரித் தெறிக்கும். பிறகு ஒரு தடவை இன்ஜினை ஓட்டிக் காயவைக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜூஹுவில் வானமும் ஊற்றும், நாங்களும் ஊற்றுவோம். ஈரச் சட்டையோடு அந்தேரிக்கு பஸ் ஏறினால் கெரசின் வாசனைக்குப் பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விடுவார். எனக்கு சீட் கிடைத்ததெல்லாம் அப்படித்தான்.

மேஜைமேல் எதையாவது வையுங்கள்

வெறும் கையோடு போகாதீர்கள். நான் பையில் ஒரு ரூபாய் நோட்டு வைத்திருக்கிறேன். 2015-இல் மறுபடி அச்சிட்டார்களே, அதுதான். அதன் பின்பக்கத்தில் சாகர் சாம்ராட் படம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். பெரியவர் கண்ணாடியைத் தேடுவார், நோட்டைத் திருப்புவார், “இதில ஹெலிடெக் எங்க போட்டிருக்கான்?” என்பார். அங்கிருந்து தொடங்கிவிடும்.

பழைய பாஸ், ஐடி கார்டு, பிடி தேய்ந்த ஸ்குரூ டிரைவர், காது அடைக்கும் மஃப், எதுவானாலும் சரி. புகைப்படம் இருந்தால் நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பவர் யார் என்று கேளுங்கள்.

லாக்புக் என்னும் புதையல்

பைலட்டின் லாக்புக் கிடைத்தால் அதிர்ஷ்டம். தேதி, மிஷின் வகை, விடி என்று ஆரம்பிக்கும் பதிவு எழுத்துகள், கேப்டன் பெயர், எங்கிருந்து எங்கே, எத்தனை நேரம், கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போகாதீர்கள். அங்கேயே ஜன்னல் பக்கம் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது பாஸ்புக் மாதிரி, தூக்கிக்கொண்டு போனால் ராத்திரி தூக்கம் வராது.

புதிதாகப் பார்ப்பவர்கள் மொத்த மணி நேரத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்கு அதில் பெரிய ருசி இல்லை. நான் தேடுவது குட்டிப் பறப்புகளை. ஒரு நாளில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் திடீரென்று ஜூஹு டு ஜூஹு 20 நிமிடம் என்று ஒரு வரி நிற்கும். கிளம்பி, உடனே திரும்பியிருக்கிறார்கள். ஏன்? அங்கே விரலை வைத்துக் கேளுங்கள். ஒருவருக்கு அது சிப் லைட்: கியர்பாக்ஸ் எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறது என்று சொல்லும் விளக்கு. இன்னொருவருக்கு மழைச் சுவர். மூன்றாமவருக்குப் பயணி ஒருவர் கிளம்பின பிறகு மூச்சு முட்டுகிறது என்று கதவுக் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

லாக்புக்கும் நினைவும் மோதும். ஒருவர் ராத்திரியில் போய் நோயாளியைத் தூக்கி வந்த கதையை 1992 டிசம்பர் என்று அடித்துச் சொன்னார், கோ-பைலட் யார் என்றும் சொன்னார். லாக்புக்கில் அது 1994 மார்ச், கூடப் போனவரும் வேறு. காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. அதன்பின் அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் அந்த இடத்தில் காட்டுவதில்லை. எழுதும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதி, கீழே “லாக்புக்கில் 1994 மார்ச்” என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன்.

மெக்கானிக்குகளுக்கு டெக் லாக், அதாவது மிஷினின் டெக்னிகல் லாக். பைலட் எழுதும் ஸ்னாக் (கோளாறு), அதற்கு நாங்கள் எழுதும் பதில். அது கம்பெனிச் சொத்து, வீட்டில் இருக்காது. ஆனால் எங்களில் பலர் சட்டைப்பை டைரியில் சொந்தமாகக் குறித்து வைப்போம். பரண்மேல் பாருங்கள்.

பைலட்டோடு நின்றுவிடாதீர்கள்

பைலட் முன்னால் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களின் முகம் அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவர் ஹெலிடெக்கில் நிற்கும் எச்எல்ஓ, அதாவது ஹெலிகாப்டர் லேண்டிங் ஆபீசர். மிஷின் இறங்கியதும் கட்டைவிரல் தூக்குவது, ஆட்களைப் பைலட் கண்ணில் படும் பக்கமாகவே குனிந்து நடக்க வைப்பது, வால் பக்கம் ஒருவன் போகாமல் தடுப்பது, தொப்பி பறக்காமல் பார்ப்பது, சறுக்காமல் இருக்க டெக்கில் விரித்த கயிற்று வலையில் கால் மாட்டியவனைத் தூக்கிவிடுவது, எல்லாம் அவர் பொறுப்பு. 14 நாள் கடலில், 14 நாள் வீட்டில் என்று ஓடும் வாழ்க்கை. போகிறவன் முகமும் வருகிறவன் முகமும் ஒரே படிக்கட்டில் சந்திக்கும் இடம் அந்த டெக். ஒரு எச்எல்ஓ சொன்னார்: “ஏறுறவன் ஷேவ் பண்ணியிருப்பான், இறங்குறவனும் ஷேவ் பண்ணியிருப்பான். பேக்கை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். இறங்குறவன் பேக்கில ஊறுகாய் வாசனை வரும்.”

ரிக்கின் ரேடியோ ரூமில் வேலை பார்த்தவரை விடவே விடாதீர்கள். ஒவ்வொரு பறப்புக்கும் அவர் கேட்டு எழுதியது மூன்றே விஷயம்தான்: எத்தனை மணிக்கு வந்து சேரும், எவ்வளவு எரிபொருள் இருக்கிறது, எத்தனை பேர். அந்த மூன்றாவதை “சோல்ஸ் ஆன் போர்டு” என்று கேட்பது வழக்கம். விருதுநகர்க்காரர் ஒருவர் சொன்னார்: “ஆத்மா எத்தனைன்னு நாங்க கேட்போம், பதினொண்ணுன்னு கேப்டன் சொல்வாரு. சாயங்காலம் கடைசி மிஷின் ஜூஹுவில உட்கார்ந்துட்டுதுன்னு செய்தி வந்ததும் அந்தப் பதினொண்ணை ஒரு கோடு போட்டு அடிப்பேன். அப்புறம்தான் சாப்பாடு.”

ஜூஹுவில் எடை பார்த்தவர்களும் உண்டு. ஆளையும் பையையும் சேர்த்து நிறுத்துத்தான் ஏற்றுவோம். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் எல்லார் பையிலும் ஸ்வீட் பாக்ஸ். கூட்டிப் பார்த்தால் எடை மீறுகிறது. எரிபொருளைக் குறைக்க முடியாது, திரும்பி வர வேண்டும். கேப்டன் வந்து தராசைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார். ஒருவரை இறக்கிவிட்டால் அவருக்குத் திட்டு. ஸ்வீட்டை இறக்கினால் பதினாலு நாள் கடலில் இருப்பவனுக்குப் பண்டிகை இல்லை. கடைசியில் கம்பெனி அனுப்பிய ஃபைல் கட்டு ஒன்று அடுத்த சார்ட்டிக்குப் போனது. இதைச் சொன்னது அந்தத் தராசுக்காரர்தான். கேப்டனிடம் கேட்டபோது அப்படி ஒன்று நடந்ததாகவே அவருக்கு நினைவில்லை.

பிறகு வீட்டில் இருந்தவர்கள். டாஃபினின் வால் விசிறி ஒரு வளையத்துக்குள் சுற்றும். அதனால் அதன் சத்தத்தில் ஒரு விசில் கலந்திருக்கும். ஜூஹு பக்கம் குடியிருந்த கேப்டன் வீட்டு அம்மா ஒருவர், துணி காயப்போடும்போதே எந்த மிஷின் போகிறது என்று சொல்லிவிடுவார். சமையலறையில் தமிழ் தினசரிக் காலண்டர் மாட்டியிருப்பார். ஊரிலிருந்து தபாலில் வரும். ராகு காலம் போட்ட இடத்துக்குக் கீழே கணவர் கிளம்பின நேரத்தைப் பென்சிலால் எழுதுவார், வீடு வந்ததும் ஒரு டிக். கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். 1997 ஆகஸ்டில் ஒரு தாளில் டிக் இல்லை. மழை அடைத்து அவர் ரிக்கிலேயே தங்கிவிட்ட ராத்திரி அது. விடியும்வரை தகவல் வரவில்லை. மறுநாள் தாளில் ஒன்றுக்கு இரண்டு டிக். கேப்டனின் லாக்புக்கில் அந்த ராத்திரி வெறும் “நைட் ஹால்ட்”.

விபத்துகளைப் பற்றி

நீங்களாகத் தொடங்காதீர்கள். முதல் சந்திப்பில் கண்டிப்பாக வேண்டாம். அவரே தொடங்கினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள், ஃபோன் பதிவு செய்யட்டும். வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவில் தெரிந்தவற்றை நீங்கள் முன்பே தெரிந்துகொண்டு போவது மரியாதை. 2003 ஆகஸ்ட் 11-இல் எம்ஐ-172 ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 27 பேர் போனார்கள். 2018 ஜனவரி 13-இல் ஜூஹுவிலிருந்து கிளம்பிய டாஃபின் விழுந்து அதிலிருந்த 7 பேரும் போனார்கள். 2022 ஜூன் 28-இல் எஸ்-76டி ஒன்று சாகர் கிரண் பக்கம் கடலில் இறங்கியது, 9 பேரில் 4 பேர் பிழைக்கவில்லை. இவற்றுக்கு “காரணம் இதுதான்” என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். நான் விசாரணை அறிக்கையில் இல்லாத எதையும் காரணமாக எழுதுவதில்லை. போனவர்கள் பெயரை அவர்கள் வீட்டில் கேட்காமல் எழுதுவதுமில்லை.

இந்தப் பேச்சுக்கு நல்ல வாசல் ஒன்று உண்டு: தண்ணீருக்குள் முக்கும் பயிற்சி. கடல்மேல் போகிற எல்லாருக்கும் அது உண்டு. ஹெலிகாப்டர் மாதிரிக் கூண்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். ஒரு கையால் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொள், புரளுவது நிற்கும்வரை காத்திரு, அப்புறம் பெல்ட்டைக் கழற்று, கை பிடித்திருக்கும் பக்கமாகவே வெளியேறு, லைஃப் ஜாக்கெட்டை உள்ளே இருக்கும்போது ஊதாதே. உள்ளே ஊதினால் மிதந்துபோய்த் தரையாக இருந்த கூரையில் ஒட்டிக்கொள்வோம், வெளியே வர முடியாது. கோவில்பட்டிக்காரனுக்குத் தண்ணீர் என்றாலே லாரியில் வருவதுதான். மூக்கில் தண்ணீர் ஏறி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல், பிடித்த ஜன்னல் விளிம்பை மட்டும் விடாமல் வெளியே வந்தேன். “முக்கினது நினைவிருக்கா சார்?” என்று கேட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டு தொடங்குவார்கள். சொல்ல வேண்டியது மனதில் இருந்தால் அவர்களே அடுத்ததற்குப் போவார்கள்.

இன்னொன்று. பறக்காத நாள் லாக்புக்கில் இருக்காது. அதையும் கேளுங்கள். 2005 ஜூலை 26 மத்தியானம் நான் ஹாங்கரில் இருந்தேன். பக்கத்துச் சாந்தாக்ரூஸில் அன்றைக்கு 944 மில்லிமீட்டர் மழை. ராத்திரி வொர்க் பெஞ்ச் மேலேயே படுத்தேன். கீழே தண்ணீரில் எங்கள் செருப்புகள் மிதந்தன. மறுநாள் சாயங்காலம் பாம்பே ஹை நார்த் பிளாட்ஃபார்ம் எரிகிறது என்று செய்தி. பக்கத்தில் நின்ற சமுத்ர சுரக்ஷா என்ற கப்பலில் ஒரு சமையல்காரருக்கு விரல் வெட்டுப்பட்டிருக்கிறது. கரையில் மழை, ஹெலிகாப்டர் போக வழியில்லை. வைத்தியத்துக்காக அவரைப் பிளாட்ஃபார்முக்கு மாற்றக் கப்பல் நெருங்கிப் போனது. அலை தூக்கியதில் கப்பலின் ஹெலிடெக் போய் எரிவாயுக் குழாயில் இடித்தது. 22 பேர் போனார்கள், 362 பேரை மீட்டார்கள். ஹெலிகாப்டர் மெக்கானிக்கின் தலையில் அந்த வரிசை எப்படி ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. என் டைரியில் அந்த இரண்டு நாளும் வெறும் தாள். 2019-இல்தான் நிரப்பினேன்.

பதிவு செய்யும் விஷயம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். ஃபோனை மடித்த துண்டின்மேல் வையுங்கள், மேஜை அதிராது. தொடங்கும்போது தேதி, ஊர், யார் என்று நீங்களே சொல்லுங்கள். 40 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், பெரியவர்களுக்கு மாத்திரை நேரம் வரும். முக்கியமாக, ஃபோனில் இடம் இருக்கிறதா பாருங்கள். மூன்று மணி நேரம் பேசிய ஒருவரின் பதிவு எனக்கு 11 நிமிடம்தான் கிடைத்தது. மீதி இடத்தை என் பேத்தியின் நடன வீடியோ அடைத்துக்கொண்டிருந்தது. மறுபடி போவதற்குள் அவர் இல்லை. அன்றே இரண்டு இடத்தில் நகல் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

எழுதும்போது

பேசியதைத் தானாக எழுத்தாக்கும் செயலி உதவும், ஆனால் நம்பாதீர்கள். எனக்கு டெக் எல்லாம் தேக்கு ஆனது, ரோட்டர் ரோட்டோரம் ஆனது. சார்ட்டி, ஸ்னாக், பேக்ஸ் (பயணிகள்) போன்ற சொற்களைத் தூய தமிழாக்காதீர்கள். அவர்கள் வாயில் வந்தது அதுதான். கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பொருள் போதும். இந்தி கலந்து பேசினால் அதையும் விட்டுவிடுங்கள், ஜூஹுவில் யாரும் ஒரே மொழியில் வேலை பார்க்கவில்லை. ஃபோன் நம்பர், முகவரி, பழைய ஐடி கார்டின் எண் எதுவும் வெளியே போகும் பிரதியில் இருக்கக் கூடாது.

எழுதி முடித்ததும் அவரிடமே போய் வாசித்துக் காட்டுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள்.

கோயமுத்தூர் கேப்டனுக்கு இரண்டு மாதம் கழித்துப் போய் வாசித்தேன். “கொந்தளிக்கும் கடலின் நடுவே துணிச்சலோடு இறக்கினார்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. கையை நீட்டி நிறுத்தினார். “துணிச்சலை அடி. அன்னிக்குக் காத்து 28 நாட் வேகம். அதை எழுது.” அடித்துவிட்டு எழுதினேன். “கோ-பைலட்தான் முதல்ல வேணாம்னு சொன்னான். அதையும் எழுது. ஒரு தடவை சுத்தி வந்துட்டு அப்புறம்தான் இறக்கினேன்.” எழுதினேன். உள்ளேயிருந்து அவர் மனைவி, “அன்னிக்கு ராத்திரி ரசம் மட்டும் குடிச்சிட்டுப் படுத்துட்டார், காரணம் கேட்டதுக்கு வயிறு சரியில்லைன்னார்” என்றார். கேப்டன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “சரி, அதையும் போட்டுக்கோ” என்றார். பிறகு என் பேனாவை வாங்கி, பக்கத்தின் அடியில், லாக்புக்கில் போடுகிற அதே சின்னக் கையெழுத்தைப் போட்டு, தேதியையும் எழுதினார்.